அடகுச் சீட்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும்

திருகோணமலை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்காபரோவில் எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை, பின்னேரம் டச்சுக் குடாப் பக்கம் போய் இருந்தால்தான் மூச்சு வருகிறது. உப்புவெளியும் நிலாவெளியும் வெள்ளைக்காரரால் நிறைந்துபோய்க் கிடக்கின்றன. மீன் விலையைக் கேட்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, உன்னை விசாரித்தார்.

சரி, ‘சூதாடுகிறவனுக்குப் புத்தி சொல்லவும் பயிற்சி வேண்டுமா?’ என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசி.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று இருக்கிற என் அறைக்கு வந்து, ‘நான் சூதாடுகிறேன்’ என்று இதுவரை யாரும் பேச்சைத் தொடங்கியதில்லை. வருவது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் தாய். அவர்கள் சொல்வதும் வேறு கதை. நித்திரை இல்லை, மனுசன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், நுண்கடன்காரர் வாசலில் நிற்கிறார்கள், பிள்ளையின் ரியூஷன் காசு வைத்த இடத்தில் இல்லை. குடி என்றால் மணம் காட்டிக்கொடுக்கும். இதில் மணமும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. விறாந்தையில் போனோடு இருக்கிறவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறாரா, பந்தயம் கட்டுகிறாரா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெட்கம் இன்னும் கூட, மார்க்கத்தில் விலக்கப்பட்ட காரியம் அல்லவா. ‘வியாபாரத்தில் நட்டம்’ என்று சொல்லிவிட்டுக் கீழே பார்ப்பார்கள்.

நீ இங்கே இருந்த காலத்தில் வாடைக்குக் கடல் பொங்கி வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில், வாடிக்குள் காசு வைத்து 304 என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். அதோடு லொத்தர் சீட்டு. கண்ணில் பட்டது அவ்வளவுதான். லொத்தரை இன்றைக்கும் அரசாங்கத்தின் இரண்டு சபைகள்தான் நடத்துகின்றன, சீட்டிழுப்பு நாள்தோறும் நடக்கிறது. கொழும்பு போன்ற நகரங்களில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டும் கடைகள் எத்தனையோ காலமாக உண்டு. இப்போது இவை எல்லாவற்றுக்கும் மேலே போன் வந்துவிட்டது. கடை பூட்டுகிற நேரம் என்று ஒன்று இல்லாமல் போனதுதான் பெரிய வித்தியாசம்.

சூதாடுகிறவர்களோடு எப்படிப் பேசுவது என்று நாங்கள் சிலர் வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவரிடம் ஸூமில் படித்தோம். அதைத்தான் இப்போது மாவட்டத்தில் உள்ள மற்ற உளவளத்துணை உத்தியோகத்தர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் பாடம் மூளை பற்றியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980 இல் சூதாட்ட வெறியைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தது. 2013 இல்தான் மதுவும் போதைப்பொருளும் இருக்கிற அதிகாரத்துக்கு மாற்றியது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டிய கதை, ஓர் இலக்கத்தால் தப்பிப்போன சீட்டு ஏன் அடுத்த சீட்டை வாங்க வைக்கிறது என்பது, இதையெல்லாம் எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். மொன்டி கார்லோ சூதாட்ட விடுதியில் 1913 ஓகஸ்ட் 18 அன்று ரூலெட் சக்கரத்தில் கறுப்பே தொடர்ந்து 26 தடவை விழுந்ததாம். இனிச் சிவப்புத்தான் என்று காசைக் கொட்டியவர்கள் எல்லாம் இழந்தார்கள். இதைச் சொன்னதும் ஒரு தம்பி, ‘ஆனா 27 ஆவது சிவப்புத்தானே வந்திருக்கும்?’ என்று கேட்டான். முன்னர் விழுந்தது சக்கரத்துக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் படித்த பிள்ளைக்கே அப்படித்தான் தோன்றுகிறது பார்!

வைத்தியர் ஒருவர் சொன்ன செய்தி எனக்கே புதிது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளால், அதுவரை சீட்டுக்கட்டைத் தொடாத சிலருக்குக்கூடச் சூதாட்ட வெறி கிளம்பலாமாம். வயதானவர் ஒருவர் திடீரென்று மாறினால் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்க வேண்டும், மருந்தை நிறுத்தச் சொல்லாமல் எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

அதிகம் சத்தம் எழுந்தது நடித்துப் பார்க்கிற நேரத்தில்தான். ஒருவர் சூதாடுகிறவர், ஒருவர் உளவளத்துணையாளர், மூன்றாமவர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுப்பார். புத்திமதி சொன்னால் மேசையில் தட்டுவோம் என்பது விதி. முதல் சுற்றில் தட்டல் ஓயவில்லை. ‘பிள்ளைகளை நினைச்சுப் பாருங்கோ’, ‘நீங்க படிச்ச மனுசன்’, ‘குடும்ப மானம் என்னாகிறது?’ எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் அந்த மனிதர் இவற்றை மாமியாரிடமும் கேட்டிருப்பார், கோயில் ஐயரிடமும் கேட்டிருப்பார். மறுபேச்சைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கதிரையில் இருக்கிறார். நாங்கள் ‘விடு’ என்று வாதாடினால், ‘ஏன் விட வேண்டும்’ என்று அவர் வாதாடுவார். கடைசியில் தன் வாதத்தைத் தானே நம்பிவிடுவார். உளவியலாளர் வில்லியம் மில்லர் மதுப் பழக்கத்தைப் பற்றி 1983 இல் எழுதியதும், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்ததும் இதற்கு மாறான வழி: மாற வேண்டிய காரணம் வந்தவரின் வாயிலிருந்தே வர வேண்டும்.

‘இந்த விளையாட்டு உங்களுக்கு என்ன தருது?’ என்று முதலில் கேட்கச் சொன்னோம். மூத்த உத்தியோகத்தர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அப்ப நாங்க அவருக்கு ஒத்து ஊதுறதா?’ என்றார். அவரையே சூதாடுகிறவராக இருத்தி, இன்னொருவரைக் கேட்க வைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அந்த ரெண்டு மணித்தியாலம் கடன்காரன் ஞாபகம் வராது’ என்றார். நடிப்புத்தான். ஆனால் அந்தப் பதிலில் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. கடனை எப்படி எதிர்கொள்வது, அந்த மறதியை வேறு எங்கே தேடுவது என்று பேச்சைக் கொண்டுபோகலாம். ‘நல்ல அப்பாவாக இருங்கோ’ என்பதிலிருந்து எங்கும் போக முடியாது.

கேள்வித்தாள்களும் உண்டு. 9 கேள்விகள் கொண்ட ஒன்று உன் கனடாவில் 2001 இல் உருவானது. கடந்த 12 மாதத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 புள்ளி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பிரச்சினை. அதில் ஒரு கேள்வி, இழந்த காசைத் திருப்பி எடுக்க இன்னொரு நாள் போனீர்களா என்பது. எங்கள் ஆட்கள் ‘விட்டதைப் பிடிக்கிறது’ என்பார்களே, அதேதான். 1997 இல் வந்த இன்னொன்றில் இரண்டே கேள்விகள்: மேலும் மேலும் கூடக் காசு கட்ட வேண்டும் போல் இருந்ததா, எவ்வளவு ஆடினீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல வேண்டி வந்ததா. எனக்கு இந்தச் சின்னதுதான் பிடித்திருக்கிறது. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது யாருக்கு 9 கேள்வி கேட்க நேரம்? இங்கிலாந்தில் 2025 ஜனவரியில், மருத்துவ வழிகாட்டிகளை எழுதுகிற நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், புகை, மது பற்றி விசாரிப்பதுபோல இதையும் விசாரிக்கச் சொல்கிறது. என் எண்ணமும் அதுதான். சூதாட்டத்துக்கென்று தனி நிபுணர் நாலு பேரை உருவாக்குவதைவிட, கடன், நித்திரையின்மை, குடும்பச் சண்டை என்று வருகிற எவரிடமும் இந்த இரண்டு கேள்விகளையும் முகம் சுளிக்காமல் கேட்க எல்லா உத்தியோகத்தரையும் பழக்க வேண்டும்.

எங்களுக்குத் தந்த பாடத்திட்டத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. குடும்பத்தார் கடைசி நாளில், கடைசி அதிகாரத்தில் வருகிறார்கள். இங்கே கதவைத் தட்டுகிறவரே அவர்தான், முதல் நாளே அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வரிசையை மாற்றிவிட்டேன். பேசத் தொடங்கினால் எல்லாம் காசில்தான் போய் நிற்கிறது. நாங்கள் அழுகையைக் கேட்கப் பழகியவர்கள், கணக்குக் கேட்கப் பழகாதவர்கள்.

ஒரு பெண் வந்தார். (ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) பையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். அடகுச் சீட்டுகள், நுண்கடன் புத்தகம், சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கையெழுத்தில் ஒரு கணக்கு. தாலிக்கொடி எந்தச் சீட்டில் இருக்கிறது, எப்போது ஏலத்துக்குப் போகும், வட்டியை மட்டும் கட்டித் தவணை எடுக்கலாமா என்று கேட்டார். மூச்சுப் பயிற்சி கேட்டு அவர் வரவில்லை. அந்தக் கட்டை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிற ஆள்தான் அவருக்கு அன்றைக்குத் தேவை. அது முடிந்தால்தான் மனதைப் பற்றிப் பேச அவருக்கு இடம் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டாரில் இருக்கிற தம்பி மொத்தக் கடனையும் அடைக்கக் காசு அனுப்புவான். அது சூதாடுகிறவரின் கைக்குப் போகும். கடன் குறைந்த நிம்மதியில் புதுக் கணக்குத் தொடங்கும். கடன் கொடுத்தவருக்கே நேரே கட்டுங்கள், சூதாடுகிறவரின் சம்மதத்தோடு அவரின் ஏ.ரி.எம். அட்டையைக் கொஞ்சக் காலம் மனைவி வைத்திருக்கட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அட்டையைக் கேட்டதற்கே அடி விழுகிற வீடுகளும் உண்டு. அப்படியான இடத்தில் முதலில் மனைவியின் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு. இதைப் புத்தகம் ஒரு வரியில் கடந்து போனது, நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே நின்றோம்.

சாவைப் பற்றி நேராகக் கேட்கவும் பழக்குகிறோம். கடன் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வருகிற நேரம்தான் ஆபத்தானது. கேட்டால் எண்ணத்தை நாங்களே விதைத்ததாகிவிடுமோ என்று பலருக்குப் பயம், அப்படி இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எல்லோரும் போனில் பதிந்துகொண்டார்கள்.

சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் 2025 இல் நிறைவேறியது, கேள்விப்பட்டிருப்பாய். அதிகாரசபை வரட்டும். உரிமம் கொடுப்பதில் காட்டுகிற சுறுசுறுப்பைப் பாதிக்கப்பட்டவர்களிடமும் காட்டினால் நல்லது. நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

என் கவலை வேறு. பயிற்சி, குழுப் படம், சோற்றுப் பார்சல், சான்றிதழ் என்று முடிந்துபோகிற பட்டறைகள் உனக்குத் தெரியும். மில்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் பட்டறையால் வந்த திறமை நிலைக்கவில்லை, பிறகும் ஒருவர் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர்களிடம்தான் நின்றது என்று கண்டார்கள். அதனால் மாதம் ஒருமுறை கூடி, பெயர் சொல்லாமல், சிக்கலான கதைகளைப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். குச்சவெளியில் தனியாக வேலை செய்கிற பிள்ளைக்கு அது ஒன்றுதான் ஆறுதல். யார் எந்த அறைக்குள் போகிறார் என்று ஊரே பார்க்கிற இடத்தில், தான் கேட்டதைத் தன் வீட்டிலும் சொல்ல முடியாமல் அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவும் எழுதியது உன்னிடம் ஒரு வேலை வாங்கத்தான். இங்கே வங்கியில் அடகுப் பகுதியில் அத்தனை வருஷம் இருந்தவள் நீ. நகையை நீட்டும்போது கை நடுங்குகிறவளையும், ஒரே காப்பை மாதத்துக்கு மாதம் கொண்டுவருகிறவரையும் உனக்குத்தான் தெரியும். அடகுச் சீட்டில் எதை முதலில் பார்ப்பது, ஏலத்துக்கு முன்னர் வங்கியிடம் என்ன கேட்கலாம், நாலு கடன் இருந்தால் எதை முதலில் கட்டுவது என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுப்பாயா? இப்போதைய விதிகளை இங்குள்ள வங்கியில் விசாரித்து நான் அனுப்புகிறேன். இங்கே சனிக்கிழமை மாலை 6.30 என்றால் உங்களுக்குக் காலை 9 மணி. ‘எனக்கு மேடைப் பேச்சு வராது’ என்று எழுதாதே. மேடை ஒன்றும் இல்லை, பதினைந்து பேர் வரையில்தான் இருப்பார்கள், கேள்விகளை அவர்களே கேட்பார்கள். எந்தச் சனி வசதி என்று மட்டும் எழுது, மின்வெட்டு இல்லாத இடமாகப் பார்த்து ஏற்பாடு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி