ஒரு கணினியும் மூன்று வருடச் சம்பளமும்: வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமாருக்கு,

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று எங்கெங்கோ இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நீங்கள் செய்துவருவதை நாங்கள் மறப்பதில்லை. எத்தனையோ மண்டபங்களும் மடிக்கணினிகளும் புலமைப்பரிசில்களும் உங்கள் உழைப்பில் வந்தவை. இந்த முறை நாடா வெட்டித் திறந்துவைக்க முடியாத ஒன்றைக் கேட்கிறேன். யாழ்ப்பாணத்தில் கணிப்பு இரசாயனவியல் செய்ய, அதாவது மூலக்கூறுகளின் நடத்தையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்க, ஒரு நல்ல கணினி வேண்டும். அதில் முழுநேரமாக வேலை செய்ய ஒரு ஆய்வு மாணவருக்கு மூன்று வருடச் சம்பளம் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் சம்பளத்தைத் தாருங்கள்.

எதை ஆராய்வது என்றும் சொல்லிவிடுகிறேன்: அயன் திரவங்களை.

கறியுப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டும். 100 பாகைக்குக் கீழேயே உருகிவிடும் உப்புகளும் இருக்கின்றன. அவற்றைத்தான் அயன் திரவம் என்கிறோம். 1914இல் பவுல் வால்டன் என்ற இரசாயனவியலாளர் பற்றி எழுதிய எதைலமோனியம் நைத்திரேற்று என்ற உப்பின் உருகுநிலை வெறும் 12 பாகை. எங்கள் மார்கழிப் பனியிலும் அது திரவமாகவே கிடக்கும். இன்று அதிகம் பேசப்படும் இமிடசோலியம் உப்புகளில் கற்றயன் (நேர் மின்னேற்றமுள்ள அயன்) பெரிது, சமச்சீரும் இல்லை. அதனால் பளிங்காக நெருங்கி அடுக்குப்பட அதற்கு வராது. இவை இலேசில் ஆவியாவதும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரியக்கல ஆய்வு பல வருடங்களாக நடக்கிறது. சாயமூட்டிய சூரியக்கலத்தில் மின்பகுபொருளைக் கரைக்க வழக்கமாக ஊற்றும் அசற்றோநைத்திரைல் 82 பாகையில் கொதித்துவிடும். எங்கள் வெயிலில் அது மெல்ல மெல்லக் கசிந்து ஆவியாகும் என்பதுதான் பெரிய தலையிடி. அயன் திரவம் அங்கே ஒரு மாற்று. ஆனால் அது தடிப்பான திரவம், சில வகைகளின் பாகுத்தன்மை தண்ணீரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. கலத்துக்குள் மின்னேற்றத்தைக் காவிச்செல்லும் அயடைட்டு அதில் நகரத் திணறும்.

எனக்கு இதைவிட நெருக்கமான விடயம் பனை. 2002இல் அமெரிக்காவில் ரொஜர்ஸ் என்ற இரசாயனவியலாளரின் குழுவினர் இமிடசோலியம் குளோரைட்டு ஒன்றில், தாவர நாரின் முக்கிய பொருளான செல்லுலோசு கரைவதைக் காட்டினார்கள். செல்லுலோசுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருப்பது ஐதரசன் பிணைப்பு. அயன் திரவத்தின் எதிர் அயனான குளோரைட்டோ அசற்றேற்றோ, அந்தப் பிணைப்பைத் தரும் ஐதரொட்சில் (OH) கூட்டங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, கட்டு அவிழ்கிறது. பனந்தும்பிலும் செல்லுலோசு நிறைய இருக்கிறது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. தும்பைத் தூரிகைக்கும் விளக்குமாற்றுக்கும் மட்டும் விற்றுக்கொண்டிருக்க வேண்டுமா?

இங்கேதான் சிக்கல். இந்தத் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே கரைக்கும் வலு குறைந்துவிடும், இன்னும் சேர்ந்தால் கரைந்த செல்லுலோசு திரும்ப வெளியே வந்துவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் அசற்றேற்றைச் சூழ்ந்துகொள்வதால் ஐதரொட்சிலைப் பிடிக்க அதற்குக் கை ஒழிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஆய்வுகூடக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் போத்தலைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் புகுந்தது என்பதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கணினிக்குள் அந்தப் பிரச்சினை இல்லை. கணினியில் நாங்கள் அமைக்கும் கற்பனைப் பெட்டியில் எத்தனை சோடி அயன்கள், எத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு அசற்றேற்று ஒட்சிசனையும் சுற்றி, எந்தத் தூரத்தில் எத்தனை தண்ணீர் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இடத்தில் செல்லுலோசின் மேல் அசற்றேற்று வைத்த பிடி விடுபடுகிறது என்று தேடலாம். விலை கூடிய இரசாயனத்தை இறக்குமதி செய்வதற்கு முன்பே, எது பயன்படும், எது பயன்படாது என்று ஓரளவு வடிகட்டிவிடலாம்.

இப்படி அணுக்களின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ், லாம்ப்ஸ், சிபி2கே எல்லாம் இலவச மென்பொருட்கள். கேம் விளையாடுவதற்கென்று கடையில் விற்கும் கிராபிக்ஸ் கார்டிலேயே குரோமாக்ஸ் நன்றாக ஓடும். மின்வெட்டுக்கும் பயப்பட வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்தவர்கள் நாங்கள். குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு தரம் தன் நிலையை எழுதிவைக்கும், மின்சாரம் வந்ததும் கடைசியாக எழுதிவைத்த இடத்திலிருந்து தொடரலாம். ஒரு யுபிஎஸ்ஸும் குளிரூட்டியும் இருந்தால் மீதியைச் சமாளிப்போம்.

சரி, அப்படியென்றால் கணினியை மட்டும் தந்தால் போதாதா? போதாது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அணுக்கள் ஒவ்வொன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்பதை விசைப்புலம் என்ற விதித்தொகுதி சொல்கிறது. அயன் திரவங்களுக்கு லோப்பஸ், பாதுவா இருவரும் 2004இலிருந்து வெளியிட்டவை பிரபலமானவை. அயனுக்கு முழு மின்னேற்றத்தையும் கொடுத்து ஓடவிட்டால், உண்மையில் நகர்வதைவிட அவை மிக மெதுவாக நகர்கின்றன. அதனால் பலர் மின்னேற்றத்தை 0.8 மடங்காகக் குறைக்கிறார்கள். நகர்வு சரியாகும், ஆனால் கரைந்த பொருளை அயன் பிடிக்கும் பிடியும் கூடவே தளரும். செல்லுலோசு விடயத்தில் அந்தப் பிடிதான் கேள்வியே! எந்த விசைப்புலம், எவ்வளவு குறைப்பு, ஆய்வுகூடத்தில் அளந்த அடர்த்தியோடு எங்கே ஒப்பிடுவது, இதையெல்லாம் எந்த மென்பொருளும் சொல்லித்தராது. ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு நானோ செக்கன், அதைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு பெம்டோ செக்கன். கணக்கு ஒரு பெம்டோ செக்கன் படியாக நடந்தால் 100 நானோ செக்கனுக்கு 10 கோடிப் படிகள். தடித்த திரவத்துக்கு அதுவும் சில நேரம் காணாது. ஓட்டம் முடிந்ததும் வரும் அழகான படத்தை நம்பலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல, அந்த வேலையிலேயே ஊறிய ஒரு ஆள் வேண்டும். அப்படி ஊறுவதற்கு வருடங்கள் பிடிக்கும். அந்த வருடங்களில் அந்தப் பிள்ளை ரியூசன் எடுத்து வயிறு கழுவ வேண்டியிருந்தால் வேலை நடக்காது. நல்ல பிள்ளைகள் பட்டம் முடித்துவிட்டு வெளியே போவதற்கு ஆர்வக்குறைவு காரணமில்லை, மாதச் சம்பளம் இல்லாததுதான் காரணம்.

உங்களில் சிலர் இதே துறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறீர்கள். உங்களிடம் காசு கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஸூமில் வந்து, எங்கள் பிள்ளை எழுதிய உள்ளீட்டுக் கோப்பை வரிவரியாகப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். பெரிய ஓட்டங்களுக்கு உங்கள் நிறுவனத்தின் மீகணினியில் சட்டப்படி நேரம் வாங்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். முடிவெடுத்தால் ஒரே தடவையில் கொடுத்து முடிக்காமல், மூன்று வருடத்துக்கும் மாதாமாதம் போகும்படி ஒழுங்கு செய்யுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் துறைசார் ஆசிரியர்களிடமே விடுங்கள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ன செய்தார், எது சரிவரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். கட்டாயம் அனுப்புவோம்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இரசாயனவியல் பட்டதாரி