கானமயிலும் தரிசு நிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரிய, காற்றாலை மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளில் மோதிச் சாகும் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவையைக் காப்பது பற்றிய ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் தீர்ப்பளித்ததிலிருந்து, ‘சூரிய மின்சாரம் வேண்டுமா, பறவை வேண்டுமா’ என்று கேட்காத ஆளில்லை. மின்கம்பி வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வேன். எந்த நிலத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் அந்தப் பறவை எப்படிச் சாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கானமயில் 15 கிலோ வரை எடை வரும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும், நேர் எதிரே அவ்வளவாகத் தெரியாது. டவரின் உச்சியில், இடி மின்னலிலிருந்து காப்பதற்காக எர்த் ஒயர் ஒன்று போகும். மின்சாரம் பாயும் கம்பியைவிட மெலிது. வெயில் நேரத்தில் கீழே நிற்கும் நமக்கே அது கண்ணில் படாது. பாரமாகப் பறந்துவரும் பறவை பக்கத்தில் வந்து பார்த்து, உடம்பைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜெய்சால்மர் பக்கம் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. எல்லா வகைப் பறவைகளும் சேர்ந்த கணக்கு அது. கானமயிலோ மொத்தமே 150 அளவில்தான் மிச்சம். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதையும் வெறுந்தரையில்.

2021இல் நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. நல்ல எண்ணம்தான், ஆனால் முழுக்க வேலைக்கு ஆகாது. 33 கிலோவோல்ட் (கேவி) லைனைக் கேபிளாகப் புதைக்கலாம். 400 கேவியை நூறு கிலோமீட்டருக்குப் புதைப்பது செலவிலும் சரி, தொழில்நுட்பத்திலும் சரி, கட்டுப்படியாகாத காரியம். 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றிக்கொண்டு நிபுணர் குழு அமைத்தார்கள். இப்போது ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரைக் கானமயில் காப்புக்கான முன்னுரிமைப் பகுதியாக ஏற்றிருக்கிறார்கள். அங்கே புதிய காற்றாலையோ 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சோலார் பூங்காவோ கூடாது. இது உருப்படியான முடிவு. கம்பியில் தட்டுகளைத் தொங்கவிட்டுப் பறவையை எச்சரிப்பதைவிட, கம்பியே அந்தப் பக்கம் வராமலிருப்பது எவ்வளவோ மேல்.

சரி, அந்தக் கோட்டுக்கு வெளியே? அங்கேதான் எனக்குச் சந்தேகம். தார்ப் பாலைவனத்துப் புல்வெளியில் பெரும்பகுதி அரசுக் கணக்கில் தரிசு நிலம். சேவண் புல் முளைத்து, நரியும் சிங்காரா மானும் திரிகிற இடத்தை வருவாய்த் துறை ‘பயனற்றது’ என்று எழுதி வைத்திருக்கிறது. மரம் அடர்ந்திருந்தால் காடு, புல்லாக இருந்தால் தரிசு என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. கம்பெனிக்கும் அதுதான் வசதி. ஒரே கையெழுத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்துவிடும். நம் ஊரிலும் மேய்ச்சல் புறம்போக்கு என்றால் லைன் இழுப்பதற்கு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், ஆட்சேபம் சொல்லப் பட்டாதாரர் இல்லையே!

இத்தனைக்கும் அந்தத் தரிசில் ஒரு பங்கு ‘ஓரண்’ எனப்படும் சாமி நிலம். மரத்தை வெட்டக் கூடாது, ஆடும் ஒட்டகமும் மேயலாம் என்று ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். பல ஓரண்கள் பதிவேட்டில் அந்தப் பெயரிலேயே இல்லை. பதிவில்லாததால் சோலார் பலகைக்குப் போய்விடுமோ என்று ஜெய்சால்மர் கிராமத்தார் நடைப்பயணம் போய்ப் போராடுகிறார்கள். இந்தத் தெய்வக் காடுகளை ஒவ்வொன்றாக அளந்து, வரைபடத்தில் குறித்து, காடு என்று வகைப்படுத்த வேண்டும் என ராஜஸ்தான் அரசுக்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரிலேயே உத்தரவிட்டது.

அப்புறம், கானமயிலைக் கூண்டில் வளர்ப்பது. ராஜஸ்தானில் சம், ராம்தேவ்ரா என்ற ஊர்களில் உள்ள இனப்பெருக்க மையங்களில் நல்ல வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் குஞ்சே பொரித்துவிட்டார்கள். அந்தக் குஞ்சுகளை நாளைக்கு எங்கே கொண்டுபோய் விடுவது? ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இருந்த பறவை இது. புல்வெளி போன இடங்களில் பறவையும் போயிற்று.

2030க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின் திறன் 500 ஜிகாவாட் என்ற நாட்டின் இலக்கை நான் குறை சொல்லவில்லை. அனல் மின்நிலையச் சாம்பலைப் பார்த்தவன் யாரும் சொல்ல மாட்டான். கூரைகள் இருக்கின்றன, கால்வாய்களின் மேற்பரப்பு இருக்கிறது, உண்மையிலேயே எதுவும் முளைக்காத நிலமும் இருக்கிறது. ஓரண் அளவை முடிந்து பதிவேடு திருத்தப்படும்வரை அந்தப் பகுதியில் புதிய குத்தகைகளை நிறுத்திவைக்க வேண்டும். அந்த அளவை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தங்கள் இதழ் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பாதை ஆய்வாளர்,
வள்ளியூர்