புராஜெக்டின் அளவு வரம்பைச் சொல்பவர்கள், குறைக்கும் வழியையும் சொல்லித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடிங் கற்கத் தொடங்கியுள்ள மாணவர்களிடம், ‘புராஜெக்டை ஜிப் செய்து பதிவேற்றுங்கள், 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது’ என்று கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. எதை அனுப்ப வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. பெரம்பூரில் மாலை வேளைகளில் மாணவர்களுக்குக் கணினிப் பாடம் எடுப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரியால் பிள்ளைகள் படும் பாட்டை ஆசிரியப் பெருமக்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என்னிடம் வரும் மாணவர்களில் பலரது வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. வேலை முடிந்து அம்மாவோ அப்பாவோ வீடு திரும்பிய பிறகு, அவர்களுடைய செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் எதையும் அனுப்ப முடியும். பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றம் பொதுவாகவே மெதுவாக நடக்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் பல தளங்களில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும், இப்படித் திணறி அனுப்பப்படுவதில் பெரும்பகுதி அனுப்பத் தேவையே இல்லாதது.

பொறியியல் படிக்கும் ஒரு மாணவியின் கோப்புறையை அண்மையில் திறந்து பார்த்தேன். 29சி போன்ற மாநகரப் பேருந்துத் தடங்களைத் தேடிப் பார்க்க, ரியாக்ட் என்ற இணையப் பக்க நிரல் கருவியில் அவர் எழுதிய சிறிய இணையப் பக்கம் அது. கோப்புறையின் மொத்த அளவு 200 எம்பியைத் தாண்டியிருந்தது. அவர் கைப்பட எழுதிய நிரல் 100 கேபிகூட இல்லை. மீதி அனைத்தும் ‘நோட் மாட்யூல்ஸ்’ என்ற கோப்புறைக்குள் இருந்தது. நாம் கேட்கும் நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) மட்டுமன்றி, அவை சார்ந்திருக்கும் நூலகங்களையும் என்பிஎம் என்ற நிறுவும் கருவி தானே இறக்கி அதற்குள் வைக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் அதை ஜிப் செய்யவே நெடுநேரம் பிடிக்கும். அந்த நூலகங்களின் பட்டியல் அடங்கிய ‘பேக்கேஜ் ஜேசன்’, ‘பேக்கேஜ் லாக் ஜேசன்’ ஆகிய இரண்டு கோப்புகளும் கைவசம் இருந்தால், ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்ற ஒரே கட்டளையில் மதிப்பிடுபவர் அந்தக் கோப்புறை முழுவதையும் தம் கணினியில் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். இவற்றில் லாக் கோப்பு சற்றே பெரியதாகத் தெரிவதால் அதைப் போய் அழித்துவிடுகிற மாணவர்களும் உண்டு. நூலகங்களின் துல்லியமான பதிப்பு எண்கள் அதில்தான் இருக்கின்றன என்பதால் அதை அவசியம் அனுப்ப வேண்டும்.

பைத்தானிலும் இதே கதைதான். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் இருப்பதால், கல்லூரிக்கு வரும்போது பலருக்கு அது பழகிய மொழியாகிவிடுகிறது. ஆனால் புராஜெக்டுக்கான பைத்தான் நூலகங்கள் நிறுவப்படும் ‘வீஎன்வி’ கோப்புறையை அனுப்பக் கூடாது என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. அந்தக் கோப்புறைக்குள் மாணவரின் கணினியிலுள்ள முழுப் பாதை முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். வேறொரு கணினிக்குக் கொண்டுபோனால் அது ஒழுங்காக இயங்காது. ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை தரும் நூலகப் பட்டியலை ‘ரிக்வைர்மெண்ட்ஸ்’ கோப்பாகச் சேமித்து அனுப்பினாலே போதும். சில கேபிதான் ஆகும். பைத்தான் தன் வசதிக்காகச் சேமித்துவைக்கும் ‘பைகேஷ்’ கோப்புறைகளையும் தயங்காமல் நீக்கலாம். நிரலை ஓட்டும்போது அவை தாமாகவே உருவாகிவிடும்.

நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களின் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் ஒரு மறைவுக் கோப்புறை இருக்கும். ஒரு பெரிய காணொளியைத் தவறுதலாகச் சேர்த்துப் பிறகு அழித்துவிட்டாலும், பழைய வரலாற்றோடு அது அங்கேயே தங்கியிருக்கும். வரலாற்றைக் கேட்காத இடத்துக்கு அந்தக் கோப்புறையை அனுப்ப வேண்டியதில்லை. கடவுச்சொற்களும், பிற இணையச் சேவைகளை அணுகுவதற்கான ஏபிஐ சாவிகளும் அடங்கிய ‘என்வி’ கோப்பு அளவில் சிறியதுதான் என்றாலும், அது வெளியே போகவே கூடாது என்பதையும் இதே வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.

படமும் ஒலியும்தான் சிறுவர்களை அதிகம் ஏமாற்றுகின்றன. செல்போனில் எடுத்த 4000க்கு 3000 பிக்சல் படத்தை வைத்து, இணையப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் நிரலில் அகலம் 400 என்று எழுதிவிட்டால் படம் சிறிதாகிவிட்டதாக நினைக்கிறார்கள். திரையில் தெரிவது மட்டும்தான் சிறிதாகிறது. கோப்பு அப்படியேதான் இருக்கிறது. அதே படத்தை 800க்கு 600 என்று குறைத்துச் சேமித்தால் பிக்சல்களின் எண்ணிக்கை இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். பக்கத்தில் பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஒலியும் அப்படித்தான். சிடி தரத்திலான வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி எடுக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் அதே நிமிடம் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியின் புராஜெக்ட் கோப்பே உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதைப் பிரித்துப் பார்த்தால், பிளாக்குகள் சிறிய இடத்தில் அடங்கியிருக்க, பின்னணி இசைதான் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். முழுப் பாடலுக்குப் பதிலாகத் தேவையான சில நொடிகளை மட்டும் வெட்டி வைத்தாலே போதுமானது.

ஜேபெக் படமும் எம்பி3 ஒலியும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால், அவற்றை மீண்டும் ஜிப் செய்வதால் அளவு பெரிதாகக் குறைவதில்லை. இது தெரியாமல் ஒவ்வொரு சுருக்கும் மென்பொருளாக இறக்கி முயன்று பார்ப்பதிலேயே சிலருக்கு ஓர் இரவு போய்விடுகிறது.

அழிக்கச் சொல்லிக் கொடுக்கும்போதே எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அசல் கோப்புறையைத் தொடாமல் அதன் நகலில் மட்டும் தேவையற்றதை நீக்கி, ஜிப் செய்து, அந்த ஜிப்பை வேறோர் இடத்தில் பிரித்து, நூலகங்களை நிறுவி ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். நாளை தன் வேலையை ஒரு குழுவிடம் ஒப்படைக்கும்போதும் மாணவர் செய்யப்போவது இதைத்தான் என்பதால், இதைப் புராஜெக்ட் பாடத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

ஆகவே கல்லூரிகளையும் பயிற்சி மையங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அளவு வரம்பை அறிவிக்கும் அதே தாளில், எந்தெந்தக் கோப்புறைகளை நீக்க வேண்டும், எந்தெந்தக் கோப்புகளைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். முதல் புராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே, எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் ‘கிட் இக்னோர்’ கோப்பு எழுதப் பழக்குங்கள். நூலகங்களை நிறுவிப் பார்ப்பது மதிப்பிடுபவரின் பொறுப்பு என்பதையும் எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். ‘அப்படியே திறந்தால் ஓட வேண்டும்’ என்று மதிப்பிடுபவர் எதிர்பார்க்கும் வரை, மதிப்பெண்ணுக்குப் பயந்து மாணவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கடைசி நாள் இரவில் இணைப்பு அறுந்தவர்களுக்கு, மறுநாள் கல்லூரி ஆய்வகத்திலிருந்து பதிவேற்ற ஒரு வாய்ப்பும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினிப் பயிற்றுநர்,
பெரம்பூர், சென்னை - 600 011.