கூடல்வாயைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

காரைக்குடி வட்டாரத்தில் எங்கள் ஐயாக்கள் கட்டிய வளவு வீட்டையும் பின்கட்டுக் கொட்டகைகளையும் ஐப்பசி மழைக்கு முன் செப்பனிட்டுக் கொடுத்த எல்லோருக்கும் பங்காளிகளின் வணக்கம்.

முதல் நன்றி ஓடு மாற்றிய அண்ணன்மாருக்கு. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மூலைக்கொன்றாக, இரண்டு கூரை சேரும் பள்ளமாக, நான்கு கூடல்வாய். இரண்டு கூரைத் தண்ணீரும் அந்த ஒரே பள்ளத்தில் ஓடிக் கிடாரத்தில் விழ வேண்டும். சருகு அடைத்தாலோ குரங்கு ஓட்டைத் தள்ளினாலோ தண்ணீர் பக்கவாட்டில் ஏறி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் நுனியை நனைக்கும். பர்மாத் தேக்கானாலும் உளுத்துப்போவது அங்கேதான். அந்த இடத்தைப் பழைய பழுதுபார்ப்பில் சிமென்டு வைத்து அடைத்திருந்தார்கள். மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசையும். சிமென்டு அதோடு சேர்ந்து அசையாமல் வெடித்துவிடும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் திரும்பி வராது. அதை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு 2 அடி அகலத் தகடு விரித்தீர்கள். மேல்தகடு கீழ்த்தகட்டின் மீது 6 அங்குலம் ஏறி நிற்கிறது, ஓரம் 1 அங்குலம் மடிந்திருக்கிறது, ஆணி ஓரத்தில் மட்டும். நாட்டு ஓட்டைப் பாதிக்குப் பாதி ஏற்றி அடுக்கியதில் ஓடு கூடுதலாகச் செலவானது. ஆகட்டும்.

ஆசாரிக்கு அடுத்த நன்றி. நுனி போன கைமரங்களை முழுசாக மாற்றச் சொல்லிக் கூலியைக் கூட்டியிருக்கலாம். அவர் நல்ல பாகத்தை விட்டுவைத்து, 6 அங்குல உயர மரத்துக்கு 18 அங்குலச் சரிவில் ஒட்டுப்போட்டு மர ஆணி அடித்தார். ஒட்டுக்கான துண்டு எல்லாம் இடித்த வீட்டுப் பழைய தேக்கு. ஈரம் காயாத புது மரம் பிறகு சுருங்கி ஒட்டை விரித்துவிடும்.

கொத்தனார் குழுவுக்கு எப்படி நன்றி சொல்வது? வளவுச் சுவரின் அடி 3 அடிக்குச் சிமென்டுப் பூச்சு இருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. பூச்சை உரித்து ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடச் சொன்னது நீங்கள்தான், அவசரப்பட்டது நாங்கள். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3. அடுத்ததற்கு 1, 2. கடுக்காய்த் தண்ணீர் விட்டால் சாந்து மெதுவாக இறுகும், வெடிப்பு குறையும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்தீர்கள். ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்காவிட்டால் ஒட்டுக்கோடு தெரியும் என்று ஆறு பேர் வரிசையாக நின்று, பாதியில் சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் கூழாங்கல்லால் தேய்த்ததை வளவே பார்த்தது. இப்போது அந்தச் சுவரில் தூணின் நிழல் விழுகிறது. தயவுசெய்து யாரும் அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கேட்காதீர்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. உடைந்த கற்களின் பூவைத் தாளில் வரைந்து எடுத்துப்போய், கண்ணாடியில் அதே வார்ப்பில் வண்ணம் ஊற்றித் தந்தார்கள். புதுக்கல் இப்போது கொஞ்சம் எடுப்பாகத்தான் தெரியும். கால் படப்படச் சமாதானமாகிவிடும். வண்ணப் படலம் சில மில்லிமீட்டர்தான், ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் மிஷின் வைத்துத் தேய்ப்பதும் கூடாது. துடைக்கும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

முகப்பைப் பளபளப்பாக்கிவிட்டுப் பின்கட்டைக் கைவிடுவது நம் ஊர் வழக்கம். மாட்டுக் கொட்டகைக்கும் வண்டிக் கொட்டகைக்கும் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் தேடித் தந்தவருக்கு அதனால் தனி வணக்கம். இளம் பனையைக் கரையான் தின்றுவிடும் என்று இரண்டு வண்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பியவரும் அவரே.

பூட்டிய அறைகளின் சாவியை அனுப்பிவைத்த புள்ளிகளுக்கும், அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கும், கடமைப்பட்டிருக்கிறோம். ஓர் அறை திறக்காவிட்டால் அதன் ஒழுக்கு அடுத்த அறைச் சுவரில்தான் தெரியும்.

நீற்றிய சுண்ணாம்பு கிணற்றடிக் குழியில் மீதம் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தபின் மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி ஊற்றிச் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். காற்றுப் பட்டால் கட்டியாகிவிடும்.

இப்படிக்கு,
வளவு வீட்டுப் பங்காளிகள்