வெள்ளைக்காரருக்கும் ஊர் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஊர் நினைவுகள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை, எழுதியவரோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் பிறந்த மண்ணை நினைத்து உருகுவது நம்மவர் குணம், வெள்ளைக்காரருக்கு அந்த ஒட்டுதல் கிடையாது, பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். அந்த இடத்தில் எனக்குத் தேநீர் ஆறிப்போனது.

இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் என்ற மாவட்டத்தில், ஒரு சின்ன ஊரில் தபாலகத்தோடு சேர்ந்த கடை ஒன்றை இருபது வருடத்துக்கு மேலாக நடத்தி வருகிறேன். பாண், பால், பத்திரிகை, முத்திரை. பென்ஷன் எடுக்க வருகிற கிழடுகட்டைகள் காசை எண்ணிப் பையில் வைத்த பிறகும் நகரமாட்டார்கள். கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கதைப்பார்கள். எதைப்பற்றி? ஊரைப்பற்றித்தான். எந்தக் குளத்தில் வாற்பேத்தை பிடித்தார்கள், எவருடைய தோட்டத்தில் அப்பிள் களவெடுத்தார்கள், எந்த மரத்தின் குதிரைச் செஸ்நட் கொட்டையை வினாகிரியில் ஊறப்போட்டால் நூலில் கட்டி மோதும் விளையாட்டில் உடையாது என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். கடைசியில் சொன்ன விஷயத்தில் இரண்டு பேர் எழுபது வருடமாக இன்னும் ஒத்துப்போகவில்லை!

எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா வருவார். போன கோடையில் பேத்தியோடு வந்தவர், இனிப்புத் தட்டில் பிளாக் ஜாக்கைக் கண்டார். கரிய நிறத்தில் சோம்பு வாசம் அடிக்கும் மெல்லுகிற இனிப்பு, அந்தக் காலத்தில் ஒரு பென்னிக்கு நாலு. அங்கேயே ஒன்றை உரித்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, பேத்திக்கு நாக்கை நீட்டிக் காட்டினார். கன்னங்கரேல் என்று இருந்தது. நாவற்பழம் தின்றுவிட்டு நாங்கள் காட்டாத நாக்கா? நான் சிரித்த சிரிப்பின் காரணம் அவருக்கு விளங்கியிருக்காது.

1953 பெப்ரவரி 5ஆம் தேதி வரைக்கும் இந்த நாட்டில் இனிப்பு பங்கீட்டில்தான் கிடைத்தது. போரில் வென்ற நாடு, போர் முடிந்து எட்டு வருடத்துக்குப் பிறகும் பிள்ளைகளுக்கு இனிப்பைக் கூப்பனில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. கூப்பன் என்றால் நமக்குத் தெரியாததா. மற்ற உணவுப் பங்கீடு முழுதாக முடிய 1954 ஜூலை ஆயிற்று. இனிப்புக்குக் கூப்பன் தேவையில்லை என்றான அன்று பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிய ஓட்டத்தை இந்த அம்மா இன்னும் மூச்சு வாங்கித்தான் சொல்வார்.

பழைய காசுக் கணக்கு வேறு இருக்கிறது, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண். 1971இல் அதை மாற்றிவிட்டார்கள். இன்றும் ஒரு ஐயா விலையைக் கேட்டுவிட்டு ஷில்லிங்கில் மாற்றிச் சொல்லி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தினமும் இதே நாடகம்.

அதே ஐயாவுக்கு 1963 குளிர்காலம் பற்றிக் கேட்டால் போதும், கடை பூட்டும்வரை ஓடும். 1962 நத்தார் முடிந்த கையோடு தொடங்கிய பனி மார்ச் வரை கிடந்தது. அப்போது அவர் சின்னப் பள்ளிக்கூடத்தில். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பால் கொடுத்தது, ஆளுக்கு ஒரு பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும் சின்னக் கண்ணாடிப் போத்தல். காலையில் பார்த்தால் பால் உறைந்து, மேலே இருக்கிற தகட்டு மூடியைத் தொப்பி மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்குமாம். ஆசிரியை பாவம் பார்த்துப் போத்தல்களை அடுப்பருகில் வைக்க, பால் உருகி, வெதுவெதுப்பாகி, ஒரு மணம் கிளம்பும். அதைக் குடித்துத்தான் ஆகவேண்டும். மனிதர் இன்றுவரை பால் இல்லாமல்தான் தேநீர் குடிக்கிறார்.

எல்லாம் தேனாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் கண்ணாடிக்கு உட்பக்கத்தில் பனி பூப்பூவாகப் படிந்த அறையில் படுத்தது, ராத்திரியில் தோட்டத்துக் கோடியில் இருந்த கக்கூசுக்கு விளக்கோடு போனது, பிரம்படி, எல்லாவற்றையும் அதே வாயால்தான் சொல்கிறார்கள். பிளாக் ஜாக் அம்மாவின் தகப்பன் பண்ணையில் மாடு பார்த்தவர். வீடு பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும், அப்படித்தான் அன்றைய வழக்கம், 1976இல்தான் சட்டம் போட்டுப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். அப்பா பண்ணைக்காரரோடு வாய் காட்டிவிட்டு வந்த அன்று தாயார் சட்டிபானையை எண்ணத் தொடங்கிவிடுவார் என்று ஒருமுறை சொன்னார். அவர் பிறந்த அந்த வீடு இன்றும் நிற்கிறது. கூரையெல்லாம் புதிதாக வேய்ந்து, வாசலில் எண் அழுத்தித் திறக்கிற சாவிப்பெட்டி வைத்து, வாரக் கடைசியில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளால் இந்த ஊரில் ஒரு கோழிக்கூடு கூட வாங்க முடியாது.

ஒட்டுதல் இல்லாத சனம் என்றால் எங்கள் டோர்செட்டின் ஸ்வானேஜ் ரயிலை எப்படிப் புரிந்துகொள்வது? வேர்ஹாமிலிருந்து கோர்ஃப் காசில் வழியாகக் கடற்கரை ஊரான ஸ்வானேஜுக்குப் போன கிளைப்பாதை. லாபம் இல்லையென்று 1972 ஜனவரியில் மூடினார்கள், அதே வருடம் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஆர்வலர்கள் அதை விடவில்லை. துண்டு துண்டாகத் தாங்களே தண்டவாளம் போட்டு, 1995இல் கோர்ஃப் காசிலையும் தாண்டி நோர்டன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நீராவி எஞ்சினே ஓடுகிறது. சின்ன வயதில் பாலத்தின் மேல் நின்று புகைக்குள் முகத்தைக் கொடுத்தவர்கள் இன்று முடி நரைத்த பிறகு சம்பளம் இல்லாமல் டிக்கெட் கிழிக்கிறார்கள்.

அப்புறம் டைனம். இதைச் சொல்லத்தான் கடிதத்தையே தொடங்கினேன், நீண்டுவிட்டது, மன்னியுங்கள். வேர்ஹாமுக்குக் கிட்ட, கடலோரப் பள்ளத்தாக்கில் இருந்த ஊர். 1943 நவம்பரில் இராணுவத்துக்குப் பயிற்சி நிலம் வேண்டும் என்று கடிதம் வந்தது, டிசம்பர் 19க்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 225 பேர் அளவில். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு தாள் குத்திவிட்டுப் போனார்கள்: ஆலயத்தையும் வீடுகளையும் பக்குவமாகப் பாருங்கள், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி. போர் முடிந்தது. 1948இல் அரசாங்கம் அந்த நிலத்தை இராணுவத்துக்கே எடுத்துக்கொண்டது. எவரும் திரும்பவில்லை.

பெரும்பாலான வாரக் கடைசிகளில் இப்போது பார்க்க விடுகிறார்கள். கூரையில்லாத கல் வீடுகள். பள்ளிக்கூடத்தை மட்டும் அந்தக் கால வகுப்பறையாகவே திருத்தி வைத்திருக்கிறார்கள், சுவரில் பிள்ளைகளின் பெயர் எழுதிய கோட்டுக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. அந்த அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒருமுறை போனேன். அவர் டைனம்காரர் இல்லை. ஆனாலும் கொக்கிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். நான் வெளியே வந்து நின்றேன். என் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு, 1990இல் வெளிக்கிட்டோம், அதற்கு மேல் அதைப்பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள். திங்கள் காலை நல்ல நேரம், பென்ஷன்காரர்கள் எல்லோரும் இருப்பார்கள். பிளாக் ஜாக் என் கணக்கில்.

இப்படிக்கு,
டோர்செட்டிலிருந்து ஒரு கடைக்காரன்