குழந்தை கதை சொல்ல இடம் தரும் மென்பொருள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு குழந்தைகளின் எழுத்தறிவையும் கதை சொல்லும் திறனையும் வளர்ப்பதாகக் கூறி வெளிவரும் செயலிகளில் பல, சரியான எழுத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. எழுத்தை அடையாளம் காண்பது தேவைதான். ஆனால் முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது, ஏன் அப்படி ஆனது என்று ஒரு குழந்தை தன் வாயால் கோத்துச் சொல்லும் பழக்கமே, பின்னாளில் படித்ததைப் புரிந்துகொள்ளக் கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி., டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழுக்கள் 2014இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5 முதல் 7 வயதினருக்கான அதில், கட்டளைகளைக் குறிக்கும் படத்துண்டுகளை அடுக்கிப் பாத்திரங்களை நடக்க வைக்கலாம். தன் குரலையே பதிவு செய்து, 4 பக்கங்கள் வரை கதையை வளர்க்கலாம். எழுதக் கை பழகாத குழந்தைக்கு அந்தக் குரல்பதிவு எவ்வளவு பெரிய வாய்ப்பு!

மாறாக, மின்கதைகளில் சம்பந்தமில்லாத விளையாட்டுகளைச் செருகுவது கதையோட்டத்தை அறுத்துவிடுகிறது. வாசிக்கப்படும் வரி ஓநாயைப் பற்றி இருக்கையில் மூலையில் பலூன் வெடித்தால், கவனம் பலூனோடு போய்விடும்.

2 முதல் 4 வயதுக் குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தை மிஞ்சக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. அந்தக் குறுகிய நேரத்திலும் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க இடம் விடும் வகையில் மென்பொருளை வடிவமைக்குமாறு தயாரிப்பாளர்களையும், வாங்குமுன் அதைத் தாங்களே பயன்படுத்திப் பார்க்குமாறு பள்ளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்