சாயம் பிடிக்காத சுங்கான்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காது குத்திய செய்தி மனதை நிறைத்தது. இங்கே பிரான்சில், ஜூரா மலையில் பனி விழத் தொடங்கிவிட்டது. மூட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி நலம்.

நீ செய்த சுங்கான், அந்தப் புகைக்குழாய் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பக்கம் நல்ல செம்பழுப்பு, மறுபக்கம் வெளிறிய திட்டுகள், பிடித்தால் விரலில் சிவப்பு. வேறு சாயம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், சாயத்தில் குறையில்லை. பழுப்பு பாலிஷ் கட்டியால் பளபளப்பு ஏற்றிய பிறகு சாயம் பூசியதாக எழுதியிருக்கிறாயே, கோளாறு அங்கேதான். அந்தக் கட்டியில் டிரிப்போலி என்னும் நுண்ணிய கல் தூளோடு கொழுப்பும் மெழுகும் இருக்கும். அவை மரத்துக்குள் இறங்கிய இடத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் நுழையாது. சுங்கானுக்குப் பேர்போன இந்தச் சான் குளோது ஊருக்கு வந்த புதிதில் நானும் மூன்று சுங்கான்களை இப்படித்தான் கெடுத்தேன்.

இரண்டாவது படத்தில், புகையிலை போடும் கிண்ணத்தோடு தண்டு சேரும் இடத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. குழியைப் பட்டி வைத்து அடைத்திருக்கிறாய் அல்லவா? பட்டி சாயம் குடிக்காது. சுங்கான் செய்யும் பிரையர் மரம் என்பது மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதரின் அடியில் கிழங்கு போல் வீங்கும் பாகம். மண்ணுக்குள்ளேயே வளர்வதால் சிறு குழிகள் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்காதே. பட்டி வைத்த சுங்கானைவிடக் குழியோடு இருக்கும் சுங்கானைத்தான் நான் விரும்பி எடுப்பேன்.

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, 220 உப்புத்தாளில் தொடங்கி 320, 400 என்று தேய். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடு. படுத்திருக்கும் நார் எழும்பும், அதையும் தேய்த்துவிடு. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்துப் பார். அது உலர்வதற்குள் இருக்கும் சில நொடிகளில் மீதமுள்ள கீறல்கள் எல்லாம் கண்ணில் படும். கீறலை விட்டுவைத்தால் சாயம் முதலில் அதில்தான் போய்த் தங்கும்.

முதல் பூச்சு கருஞ்சாயம். காய்ந்ததும் 400 தாளால் தேய்த்து எடு. கெட்டியான இடங்களில் கறுப்பு போய்விடும், மிருதுவான வரிகளில் மட்டும் நிற்கும். அதன்மேல் செம்பழுப்பு பூசினால் ரேகைகள் நெருப்பு நாக்கு போல மேலெழும். எத்தனை வருடமானாலும் இந்த நிமிடம் எனக்குச் சலித்ததில்லை. கிண்ணத்தின் இரு பக்கமும் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடம் சற்றுக் கருத்தே இருக்கும். அங்கே நாரின் வெட்டுமுகம் வெளியே பார்ப்பதால் அதிகம் குடிக்கிறது. அதைச் சரிசெய்யப் போகாதே.

விரலில் ஒட்டுவது மரம் உறிஞ்சாமல் மேலே நின்ற சாயம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால், துணியில் நிறம் வருவது நிற்கும் வரை துடை. நிறம் ஒரு மாற்றுக் குறையும், அதற்காக முதலில் சற்று அடர்த்தியாகவே பூசிக்கொள். மெழுகு அதன் பிறகுதான். கார்னாபா மெழுகை ஏற்றும்போது பாலிஷ் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்காதே, சூட்டில் சாயம் கிளம்பிவிடும். கிண்ணத்தின் உட்பக்கத்தில் ஒரு சொட்டுச் சாயமும் படக்கூடாது. புகை அங்கிருந்துதான் வாய்க்கு வருகிறது.

பொங்கலுக்குப் புதுச்சேரி வரும் என் தங்கை மகனிடம் இரண்டு பிரையர் கட்டைகள் கொடுத்தனுப்புகிறேன். அறுத்த துண்டுகளை எறிந்துவிடாதே. அதே தாளில் தேய்த்து முதலில் அவற்றில் பூசிப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
அருள்